எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் ஒரே அப்பா

ஆண்டவன் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு மூன்று பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூவரும் பிற்பாடு கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். டீம் லீடர் நல்லசிவம். அவருக்குக் கீழே பூங்கொடியும் திருமூர்த்தியும்.

கல்யாணச் சாப்பாடு ஆர்டர் செய்ய ‘இலைபோடு’ என்று ஒரு ஆப். அதற்குச் சோதனை ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் இவர்கள் வேலை. ஸ்கிரிப்ட் தானாகவே ஆப்பைத் திறந்து தட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை காட்டும், கோளாறு என்றால் சிவப்பு. மூவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆப்பைத் திறப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதியிருந்தார்கள். உழைப்புக்கு அவர்கள் என்றைக்குமே அஞ்சியதில்லை.

மேனேஜர் ஹெப்சிபா மேடம் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை நம்ம கஸ்டமர், ஆப்போட சொந்தக்காரர் பொன்னுச்சாமி நேர்ல வர்றார். எல்லாம் பச்சையா இல்லேன்னா உங்க மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் கெஞ்சித்தான் இந்த ஒரு வாரம் வாங்கியிருக்கேன். கவனமா கேளுங்க. பொதுவான நிரலை எல்லாம் ஒரே இடத்துல, ‘கிளாஸ்’னு ஒண்ணுல எழுதுங்க. அதுதான் அப்பா. ஸ்கிரிப்ட் எல்லாம் அதோட பிள்ளைங்க. அப்பாகிட்ட இருக்கறது எல்லாப் பிள்ளைக்கும் தானா வந்துடும். பின்னாடி ஏதாவது மாத்தணும்னா அந்த ஒரே இடத்துல மாத்தினா போதும். ஸ்கிரிப்ட் நிஜ வாடிக்கையாளர் மாதிரியே நடந்துக்கணும். முடிஞ்சதும், ஆர்டர்னு எதை உண்டாக்கினீங்களோ அதை நீங்களே காலி பண்ணிடணும்.”

“சரிங்க மேடம்” என்றார்கள் மூவரும். தங்களை வேறெந்தக் கம்பெனியும் எடுக்காது என்பது மட்டும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் பயந்துபோய் உடனே ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

“அப்பா கிளாஸ்ல என்னென்ன வைக்கிறது?” என்றாள் பூங்கொடி.

“ஆப்பைத் திறக்கறது, உள்ள போறது, நூறு பேருக்குச் சாப்பாடு ஆர்டர் பண்றது” என்றார் நல்லசிவம்.

“பாஸ்வேர்டு மாத்திப் பாக்கற ஸ்கிரிப்ட்டும் சாப்பாடு ஆர்டர் பண்ணுமேங்க?”

“ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு இன்னொரு பிள்ளையைப் பட்டினி போடற அப்பன் உண்டா?”

அப்பா கிளாஸில் ஆர்டர் ஏறிவிட்டது.

திருமூர்த்திக்கு வேறொரு சந்தேகம். “இதை எதுல ஓட்டறதுங்க? சோதனைக்குன்னு ஒரு நகல் ஆப் வெச்சிருக்காங்களே, அதுலயா, நிஜ ஆப்லயா?”

நல்லசிவம் திருப்பிக் கேட்டார். “நகல்ல ஆர்டர் பண்ணினா சாப்பாடு வருமா?”

“வராதுங்க.”

“சாப்பாடு வராம, ஆர்டர் ஒழுங்கா போச்சுன்னு எதை வெச்சுச் சொல்றது? நிஜ வாடிக்கையாளர் எவனாவது நகல்ல ஆர்டர் பண்ணுவானா?”

நிஜ ஆப்பிலேயே ஓட்டுவது என்று முடிவானது. விலாசத்துக்கு ஆபீஸ் விலாசத்தையே போட்டார்கள். பொய் விலாசம் கொடுப்பது பாவம் என்று பூங்கொடி சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் ஓட்டினார்கள். திரை முழுக்கப் பச்சை. மூவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் முதல் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் நின்றவை சிக்னலையும் தாண்டிப் போயிருந்தன. சாம்பார் அண்டாக்கள் லிஃப்ட்டில் ஏறின. சேமியா பாயசத்தை மீட்டிங் ரூமில் வைத்தார்கள். அப்பளக் கூடைகளுக்கு இடமில்லாமல் மேடத்தின் நாற்காலியில் வைத்தார்கள். ஹெப்சிபா மேடம் வந்து பார்த்தபோது மூவரும் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன இது?” என்றார் மேடம்.

“நாங்களே காலி பண்ணணும்னு சொன்னீங்களே மேடம். நேத்து ராத்திரியிலேர்ந்து நாங்க பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலீங்க” என்றார் நல்லசிவம்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் பொன்னுச்சாமி உள்ளே வந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“ஆப் ஆரம்பிச்சதிலேர்ந்து இந்த மாதிரி ஆர்டர் வந்ததே இல்லீங்க. அக்கம்பக்கத்து ஊர் சமையல்காரங்களை எல்லாம் கூப்பிட்டுத்தான் சமாளிச்சேன். இந்த மூணு பேரையும் எங்கயும் அனுப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு, நல்லசிவத்தின் இலையில் அவரே ரசம் ஊற்றினார். வேலை தப்பியது. பூங்கொடி வாய் நிறையச் சோறோடு அழுதாள்.

பொன்னுச்சாமி போனதும் மேடம் மூவரையும் தனியாக அழைத்தார்.

“இனிமே இந்த ஆபீஸ் வாசலுக்கு ஒரு இலை கூட வரக்கூடாது. புரியுதா? முதல்ல அந்த விலாசத்தை மாத்துங்க.”

இதுதான் அவர்களுக்கு வாய்த்த பொற்காலம். பழைய முறையாக இருந்தால் நூற்றுக்கணக்கான இடத்தில் மாற்ற வேண்டும். இப்போது அப்பா கிளாஸில் ஒரே ஒரு வரி. மேடத்தின் அறிவை மூவரும் மனதார மெச்சினார்கள். ஆனால் எந்த விலாசம் போடுவது? மூவருக்கும் சேர்ந்தாற்போல் தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போய்க் கேக் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைப் போட்டு மறுபடியும் எல்லாவற்றையும் ஓட்டினார்கள். திரை முழுக்கப் பச்சை. ஆனாலும் இந்த முறை நல்லசிவம் அவசரப்படவில்லை. சாப்பாடு போய்ச் சேராமல் பச்சையை நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை விடுமுறை. இருந்தாலும் மூவரும் ஆபீஸுக்கு வந்து போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மேடம் கூப்பிட்டார். பின்னால் அண்டா உருளும் சத்தமும், “யாருக்குக் கல்யாணம்?” என்று அவர் வீட்டுக்காரர் கத்துவதும் கேட்டது.

“நல்லசிவம், என் வீட்டு வாசல்ல வேன் நிக்குது.”

“எது வரைக்குங்க மேடம்?”

“தெருமுனை வரைக்கும்.”

நல்லசிவம் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தார்.

“பாஸாயிடுச்சு” என்றார்.