வேங்கையனின் பல்வலியும் தாடிப் பண்டிதரின் பச்சிலையும்

செம்பாறைக் காட்டோரத்தில் ஒரு குளம். அந்தக் குளத்தங்கரையில் மேயும் ஆடுகளுக்கு வேங்கையன் என்ற நாய்தான் காவல். அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும், காட்டுக்குள் இருக்கும் நரிகள் புதருக்குள் பதுங்கிக்கொள்ளும். சிறுத்தை வந்த அன்றுகூட அவன் வால் தாழவில்லை.

அப்படிப்பட்ட வேங்கையனுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பயம். ஊசி!

போன மாசியில் கால்நடை டாக்டரம்மா வெறிநாய்த் தடுப்பூசி போட வந்தார். அவருடைய பையைப் பார்த்த உடனே வேங்கையன் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டான். ஆட்டுக் கிடைக்குச் சொந்தக்காரரான பலவேசக் கோனார் அவனைப் பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்தார். காளையைப் பிடிப்பதே இதற்குத் தேவலை என்று அன்று அவர் வாய்விட்டே சொன்னார்.

இப்போது அந்த வேங்கையனுக்குப் பல்வலி. வீம்புக்கு ஒரு மாட்டெலும்பைக் கடித்ததில் கடைவாய்ப் பல் விண்டுவிட்டது. கன்னம் பணியாரம்போல வீங்கியது. வைத்த கஞ்சி வைத்தபடியே இருந்தது.

காலையில் கோனார் அந்தச் சட்டியைப் பார்த்தார். "என்னலே, பல்லா? நல்லவேளை, டாக்டரம்மா இன்றைக்குக் கால்நடை முகாமுக்கு வருகிறார். உன்னைக் காட்டிவிட வேண்டியதுதான்" என்றார்.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வேங்கையனைக் காணவில்லை.

அவன் நேரே ஓடியது தாடிப் பண்டிதரிடம். பண்டிதர் ஒரு கிழட்டு வெள்ளாட்டுக் கிடா. நீண்ட தாடி. எந்நேரமும் ஏதாவது ஓர் இலையை மென்றுகொண்டிருப்பார். தாடியையும் இலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவரை வைத்தியர் என்று சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை.

"வைத்தியரே! உயிர் போகிறது! டாக்டரம்மா வருவதற்குள் இந்தப் பல்லைச் சரியாக்கிவிடும்!" என்று கெஞ்சினான் வேங்கையன்.

"ஊசிக்குப் பயமா தம்பி?"

"பயமா? எனக்கா? சும்மா... பிடிக்காது, அவ்வளவுதான்!"

"கவலையை விடு. என்னிடம் இருப்பதெல்லாம் பச்சிலை. மண்ணில் முளைத்தது. மண்ணில் முளைத்தது யாரையாவது கெடுக்குமா?"

குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்த வளைகொம்பி என்ற எருமை இதைக் கேட்டது. அது வாயில் இருந்ததை நிதானமாக அசைபோட்டு விழுங்கிவிட்டுத்தான் பேசும்.

"பண்டிதரே, அவன் வாயைத் திறந்து பார்த்தீரா?"

"எதற்குப் பார்க்க வேண்டும்? பல்வலி என்றால் பல்வலிதான்!"

"உள்ளே சீழா, முறிவா, முள்ளா என்று தெரியாமல் மருந்தா? வேங்கையா, பேசாமல் டாக்டரம்மாவிடம் போ."

"உனக்கென்ன, தோல் தடிமன்! ஊசி வளைந்து போகும்!" என்று வெடுக்கென்று சொன்னான் வேங்கையன். எருமை மறுபடியும் அசைபோடத் தொடங்கியது.

பண்டிதர் முதலில் வேப்பங்குச்சி கொடுத்தார். வேங்கையன் கடித்தான். கசந்தது, அவ்வளவுதான். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

"சரி, வீரியம் போதவில்லை" என்று பண்டிதர் தாடியை ஆட்டினார். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைப்பூண்டையும் வெங்காயத்தையும் மென்று உருட்டி ஒரு கவளம் தந்தார். வேங்கையன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். சற்று நேரத்தில் பல்வலியோடு வயிற்று வலியும் சேர்ந்துகொண்டது. புதருக்கும் மேட்டுக்குமாக நடந்து கால் ஓய்ந்தது.

"வைத்தியரே, வயிற்றைப் பிரட்டுகிறதே!"

"மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்! இதோ பார், கடைசி மருந்து. எருக்கு! நான் தினமும் தின்கிறேன். எனக்கு ஏதாவது ஆயிற்றா?"

எருக்கங்கொப்பை ஒடித்து, வழிந்த பாலை வேங்கையனின் கடைவாயில் விட்டார். அடுத்த நொடி வேங்கையன் துள்ளிய துள்ளலில் குளத்து நாரைகள் எல்லாம் பறந்துவிட்டன.

"ஆ! எரியுது! எரியுது!"

"பதறாதே! இதோ, துவைக்கிற கல்லோரம் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் இருக்கிறது. கோனார் வீட்டில் துணியெல்லாம் இதில்தான் வெளுக்கிறார்கள். பல்லும் வெளுக்கும்! கொப்பளி!"

கொப்பளித்தான். வாய் முழுக்க நுரை. துப்பத் துப்ப நுரை பொங்கியது. நாக்கு வீங்கி, பேச்சு குழறியது. "வைழ்ழியழே!" என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

காட்டு நரி புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது அப்போதுதான். காவல்காரன் சத்தத்தைக் காலையிலிருந்து காணோமே என்று அதற்குச் சந்தேகம். வேங்கையன் அதைப் பார்த்து உறுமப் பார்த்தான்.

"ப்பூ!" என்று ஒரு சத்தம் வந்தது. கூடவே ஒரு நுரைக்குமிழி.

"என்ன அண்ணாச்சி, வாயில் கொழுக்கட்டையா?" என்று சிரித்த நரி, பக்கத்தில் நின்ற பண்டிதரின் தாடியை லபக்கென்று கவ்வி இழுத்தது.

"மே! மே! வேங்கையா! என்னைக் காப்பாற்று!" பண்டிதர் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு அலறினார்.

வலியிலும் வேங்கையனுக்குக் கோபம் வந்தது. வைத்தியம் தெரியாத கிடாவானாலும் தன் கிடையைச் சேர்ந்த கிடா அல்லவா? குரல் இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே என்று பாய்ந்தான். அதன் பிறகுதான் நரி அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தது. சிவந்த கண்! தொங்கும் நாக்கு! வாயெல்லாம் நுரை!

"ஐயோ! வெறிநாய்!"

தாடியை விட்டது. ஒரே ஓட்டம். காடு அதிரக் கத்திக்கொண்டே ஓடியது.

வேங்கையன் நெஞ்சை நிமிர்த்தினான். ஆனால் அந்தப் பெருமை நிலைக்கவில்லை. ஆட்டின் அலறல் கேட்டுக் கோனார் கம்போடு வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் முகாமுக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள். அவர்களும் அதே முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"கோனாரே, கிட்டப் போகாதீர்! உம் நாய்க்கு வெறி பிடித்துவிட்டது! அடித்துப் போடும்!"

கோனார் அங்கேயே நின்றார். "வேங்கையா..." என்றார். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கம்பை ஓங்கினார்.

வேங்கையன் ஓரடி பின்வாங்கினான். எனக்கு வெறி இல்லை, பல்வலிதான் என்று எப்படிச் சொல்வது? வாலை ஆட்டினான். நுரை நாலாபக்கமும் தெறித்தது. கூட்டம் இன்னும் அலறியது.

"ஏலே மடையா!" குளத்திலிருந்து வளைகொம்பியின் குரல் வந்தது. "வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று மனிதர்கள் சொல்வார்கள். இங்கே வா! எல்லோர் கண்ணிலும் படும்படி குடி!"

வேங்கையன் தொப்பென்று குளத்தில் குதித்தான். முகத்தை முக்கி, எரிச்சல் தணியத் தணிய மடக்மடக்கென்று குடித்தான். நுரை கரைந்து மிதந்து போயிற்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். "கம்பைக் கீழே போடுங்கள்! போன மாசியில்தானே இவனுக்கு ஊசி போட்டேன்? எதற்கும் நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். யாரும் கிட்ட வரவேண்டாம்."

கையுறை மாட்டி, தோல்வாரால் பிடிக்கச் சொல்லி, அன்று முதல் முறையாக அந்த வாயைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

"அடப்பாவமே! பல் விண்டு சீழ் வைத்திருக்கிறது. அதன்மேல் எருக்கம்பால் பட்டு வாயே வெந்திருக்கிறது. பூண்டு வாடை வேறு! நாய்க்குப் பூண்டும் வெங்காயமும் ஆகாதே, யார் கொடுத்தது?"

கோனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பண்டிதர் மட்டும் மெல்ல ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

ஊசி வந்தது. வேங்கையன் கண்ணை இறுக்கி மூடினான். எறும்பு கடித்ததுபோல் ஏதோ ஒன்று. இது எறும்புதான், ஊசி இனிமேல் வரும் என்று காத்திருந்தான். காத்திருந்தபடியே தூங்கிப்போனான். விழித்தபோது பல் டாக்டரம்மாவின் தட்டில் கிடந்தது. வலி இல்லை. கோனார் ஆறிய கேழ்வரகுக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பண்டிதர் தயங்கித் தயங்கி வந்தார். தாடியில் பாதி இல்லை.

"தம்பி, கோபமா? சத்தியமாகச் சொல்கிறேன், நான் தின்றால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை!"

"வைத்தியரே, உமக்கு ஆட்டு வயிறு. எனக்கு நாய் வயிறு. அதை நீர் யோசிக்கவில்லை. ஊசிக்குப் பயந்து நானும் யோசிக்கவில்லை" என்றான் வேங்கையன். திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்த பண்டிதருக்கு, இதைக் கேட்டதும் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், "நான் ஆடப்பா. ஆட்டுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஐப்பசி மழையில் வேங்கையனுக்குக் காதில் அரிப்பு வந்தது. அவனை யாரும் இழுத்துப் போகவில்லை. முகாம் நடந்த அன்று தானாகவே போய், ஒரு பசுவுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். கால் நான்கும் வெடவெடவென்று நடுங்கின. ஆனாலும் நின்றான்.

மண்ணில் முளைத்தது என்பதாலேயே ஒரு மருந்து எல்லோருக்கும் நல்லதாகிவிடாது. நோயையும் உடம்பையும் பாராமல் கொடுத்தால் பச்சிலையும் நஞ்சாகும்.