சுருங்காத படம்

பேரூராட்சித் தலைவர் சிங்காரவடிவேலுவுக்குத் தெருவெங்கும் நின்ற கட்அவுட் போதவில்லை. குடிநீர்ப் புகார் சொல்லும் போன் ஆப்பிலும் தன் முகம் வேண்டுமாம். "எந்த போன்ல பார்த்தாலும் என் படம் திரை முழுக்க இருக்கணும். துளிகூடச் சுருங்கக் கூடாது. பட்டன் ஒண்ணும் விடுபடக் கூடாது. முடியலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

ஆப் எழுதும் தில்லைநாயகி வேலைக்குப் புதுசு. இந்த ஆப் கைவிட்டுப் போனால் வேலையும் போகும். திரையில் வருவதை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் 'பேனல்' என்ற சட்டத்தில் படத்தை வைத்தாள். பஸ் சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்தவர் மாதிரி, அது பட்டன்களையெல்லாம் திரைக்கு வெளியே தள்ளியது. உடனே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பேனலுக்கு மாற்றினாள். அடியில் திரை முழுக்கத் தலைவர், அவர் படத்தின்மேலேயே ஒட்டினாற்போல் பட்டன்கள். எந்தப் பட்டன் எங்கே என்று தலைவர் சொல்லவில்லை. அதை அவளே பார்த்துக்கொண்டாள்.

தொடக்க விழாவில் ஊரே போனைத் திறந்தது. 'தண்ணீர் வரவில்லை' பட்டன் சரியாகத் தலைவர் மூக்கின்மேல் இருந்தது. குழாய் வறண்ட ஊர் சும்மா விடுமா? ஆளாளுக்குக் குத்தினார்கள். முன்வரிசையில் ஒருத்தி, ஒரு குத்தில் ஆத்திரம் ஆறாமல் மறுபடியும் குத்தினாள்.

"என்னம்மா இது?" என்று தில்லைநாயகியிடம் கேட்டார் தலைவர்.

"நீங்க கேட்டபடிதாங்கய்யா. படம் சுருங்கலை, பட்டன் விடுபடலை. புகார் குறைஞ்சா குத்தும் குறையும்."

தலைவர் மூக்கைத் தடவிக்கொண்டார். "படத்தைச் சின்னதாக்கும்மா."

"எவ்வளவு சின்னதாங்கய்யா?"

"விரல் படாத அளவுக்கு."