மூன்றாம் தண்ணீர்

அந்தக் காலத்தில் குருவிகளுக்கு நம் பேச்சு வரும், பொய்யும் வரும். இப்போது நாம் ஆறுமணிக்குருவி என்கிறோமே, அதன் உடம்பு அப்போது முழு வெள்ளை. வாலும் நீளம். காவிரிக்கரையில் துணிக்குச் சாயம் போடும் மாராயி வீட்டு முருங்கையில் அது குடியிருந்தது.

மாராயியின் மகள் செல்லாயிக்கு அந்த ஐப்பசியில் நிறைமாதம். முந்தின ஐப்பசியில் பிறந்த பிள்ளை குளிர் தாங்காமல் மூன்றாம் நாளே போய்விட்டது. இதையும் பறிகொடுக்கக் கூடாது என்று மாராயி கனத்த ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து மஞ்சளிலும், அவுரி நீலத்திலும், சாயவேர்ச் சிவப்பிலும், கடுக்காய்க் கறுப்பிலும் முக்கி எடுத்தாள். நிறத்துக்கு ஒன்றாக நான்கு கீற்றைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தால் போர்வை.

ஆனால் சாயம் போட்ட கீற்றை மூன்று தண்ணீரில் அலசாமல் ஊசி தொடக் கூடாது. மூன்றாம் தண்ணீர் தெளிவாக வந்தால்தான் சாயம் நின்றதாக அர்த்தம். அலசுவது குருவியின் வேலை. கூலி ஒரு பிடி கம்பு.

கடைசிக் கட்டுக் கீற்றுகளைக் குருவி ஆற்றுக்குக் கொண்டுபோன நேரத்தில் செல்லாயிக்கு வலி எடுத்துவிட்டது. குருவி ஒரு தண்ணீர்தான் அலசியிருக்கும், கரையெங்கும் ஈசல் புறப்பட்டது. கீற்றுகளைக் கல்லில் போட்டுவிட்டு வயிறு முட்டத் தின்றது.

"மூணு தண்ணியும் ஆச்சா?" என்று, கீற்றுகளோடு திரும்பி வந்த குருவியிடம் கேட்டாள் மாராயி.

"ஆச்சு ஆத்தா, ஆச்சு!"

பச்சைப்பிள்ளை விஷயத்தில் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்ல ஒரு குருவிக்கு மனசு வந்ததே! 

மாராயி நம்பித் தைத்து முடித்தாள். சாயங்காலம் பெண்பிள்ளை பிறந்தது. போர்வையில் பொதிந்து கிடத்தினார்கள். ராத்திரி மழையில் கூரை ஒழுகிப் போர்வை நனைந்ததை அசதியில் யாரும் கவனிக்கவில்லை. விடிந்ததும் செல்லாயி போர்வையை விலக்கினாள்.

பிள்ளையின் கையெல்லாம் நீலம். வயிறு பச்சை. உதடு கறுப்பு.

"ஐயோ ஆத்தா! எம் புள்ள நீலம் பாஞ்சு கெடக்கே! இதுவும் போயிருச்சே!"

 மாராயி பிள்ளையை வாரி எடுத்தாள். அது வீலென்று அழுதது! முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். துணியில் ஒட்டியது சாயம்.

முருங்கைக் கிளையிலிருந்து குருவி எட்டிப் பார்த்தது. "ஈசல் வந்துச்சு ஆத்தா... ஒரு தண்ணியோட விட்டுட்டேன்."

"அடிப்பாவி! பொணமுன்னு நெனச்சேனே!"

மாராயி ஈரப்போர்வையை அப்படியே அதன்மேல் வீசினாள். உள்ளே அகப்பட்டுத் திமிறிய குருவியின் வாலைப் பிடித்து இழுத்தாள். வால் கையோடு வந்துவிட்டது. வெளியே வந்ததைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். முதுகில் மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. தப்பியது தொண்டை மட்டும்தான்.

பிள்ளையை மூன்று முறை வெந்நீரில் குளிப்பாட்டியதும் நிறம் போய்விட்டது. குருவி முப்பது முறை ஆற்றில் முங்கியும் அதன் நிறம் போகவில்லை. வெட்கப்பட்டு வடக்கே பறந்துபோனது. ஆனால் அந்தத் தாய் போட்ட அலறல் அதை நிம்மதியாக இருக்க விடவில்லை.

அன்று முதல்தான் ஐப்பசி பிறந்தால் அந்தக் குட்டைவால் குருவி நம் பக்கம் வருகிறது. பகலெல்லாம் சருகுக்குள் ஒளிந்திருந்து, விடியும்போதும் பொழுது சாயும்போதும் மட்டும் "அலசு... அலசு..." என்று கூவுகிறது. நாமும் அன்று முதல்தான், பச்சைப்பிள்ளை மேல் புதுத்துணியை அலசாமல் போர்த்துவதில்லை.