தர்மகர்த்தாவின் சேக்ரட் நாற்காலி

ஒரு அம்மன் கோயிலில் சிங்காரவேலு என்று ஒரு தர்மகர்த்தா இருந்தார். நாலு இங்கிலீஷ் வார்த்தை பேசாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு செரிக்காது.

கோயில் கூட்டுகிற வள்ளிக்கண்ணு ஒருநாள், கால் கடுக்கிறதே என்று மண்டபத்தில் இருந்த அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்தவர் துள்ளிக் குதித்தார்.

"ஏய், எந்திரி! இது சேக்ரட்!"

"அப்படின்னா என்னங்கய்யா?"

"புனிதம்! சாமிக்குன்னு ஒதுக்கி வெச்சது. கண்ட மனுஷங்க உட்காரக் கூடாது. இனிமே அதுக்குண்டான மரியாதையோட வெச்சுக்கோ. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்கய்யா" என்றாள் வள்ளிக்கண்ணு.

மறுநாள் திருவிழாக் கூட்டம். ஊரே மண்டபத்துத் தரையில் உட்கார்ந்திருக்க, தர்மகர்த்தா அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு வந்தார். நாற்காலிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை சாத்தி, முன்னால் விளக்கும் ஏற்றியிருந்தது. அவர் உட்காரப் போனதும் பெண்களெல்லாம் "ஐயையோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"யார் வேலை இது?"

"நான்தாங்கய்யா. சாமிக்குன்னு ஒதுக்கினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஊருக்கும் சொல்லிட்டேன்."

ஊர் அவர் முகத்தையே பார்த்தது. அவர் நாற்காலியை விட்டு விலகி நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் கால் கடுத்தது.

வள்ளிக்கண்ணு நகர்ந்து, முந்தானையால் தரையைத் துடைத்துவிட்டாள்.

"இப்படி உட்காருங்கய்யா. இது சேக்ரட் இல்ல. யாரு வேணாலும் உட்காரலாம்."