பூந்தாழங்குடிக்கு ரெய்டு வந்த கதை

பூந்தாழங்குடியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது வைத்தது வைத்தபடியே இருந்தது. அந்த ஊர்க் கடைத்தெருவில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் அமிர்தகடேசன். அவரிடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். கேமரா பிடிப்பவர் கலியமூர்த்தி. கம்ப்யூட்டரில் உட்காருபவர் பக்கிரிசாமி. பத்தாவதில் இங்கிலீஷ் பரீட்சை எழுதியவர் என்பதால், பாஸா என்று யாரும் கேட்காமலே, இங்கிலீஷுக்கு அவர் சொன்னதுதான் அர்த்தம்.

கம்ப்யூட்டரில் கல்யாணங்கள் நிரம்பி வழியத் தொடங்கியதும், ஐந்து டிஸ்க் செருகிய பெரிய பெட்டி ஒன்றை அமிர்தகடேசன் வரவழைத்தார். அதை மாட்டிக்கொடுக்கத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் தேன்மொழி என்ற இன்ஜினியர். "ஒரு டிஸ்க் கெட்டாலும் படம் போகாது சார், இதுல ரெய்டு இருக்கு" என்றார். அமிர்தகடேசன் சத்தம் காட்டாமல் போய் ஷட்டரை இறக்கினார்.

வருமான வரிக்காரர்கள் யாரும் பெட்டிக்குள் இல்லை, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துக் காப்பாற்றும் முறைக்குத்தான் அந்தப் பெயர் என்று விளங்கவைப்பதற்குள் தேன்மொழிக்குப் பஸ் நேரம் வந்துவிட்டது. மிச்சத்தை வாசலில் நின்றபடி சொன்னார். நாலு டிஸ்க்கை ஒரு குழுவாக்க வேண்டும். அதிலிருந்து வர்ச்சுவல் டிஸ்க் உண்டாக்கிப் பெயர் வைக்க வேண்டும். ஒன்று கெட்டால் அதன் இடத்துக்கு வர, ஐந்தாவதைப் பெட்டிக்குள்ளேயே ஹாட் ஸ்பேராக விட்டுவிட வேண்டும். என்னதான் ரெய்டு இருந்தாலும், தினமும் ஒரு காப்பி எடுத்துத் தனியாக வைக்க வேண்டும்.

அவர் போனதும் மூவரும் ஆலோசனையில் இறங்கினார்கள்.

"வர்ச்சுவல்னா?" என்று கேட்டார் அமிர்தகடேசன்.

"இருக்கும். ஆனா கையால தொட முடியாது" என்றார் பக்கிரிசாமி.

"அப்ப அதுக்குள்ள போடுற பொண்ணு மாப்பிள்ளை?"

"அவங்களையும் தொட முடியாது."

"இப்ப மட்டும் நாம தொடுறோமா?" என்றார் கலியமூர்த்தி. அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

பெயர் வைக்கத்தான் சிரமப்பட்டார்கள். நல்ல நாள் பார்த்து, பெட்டிக்குச் சந்தனம் பூசி, காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். எது காது? ஃபேன் சுற்றுகிற ஓட்டை என்றார் கலியமூர்த்தி. அது மூச்சு விடுகிறது, ஆகையால் மூக்கு என்றார் அமிர்தகடேசன். கேபிள் செருகும் ஓட்டைதான் காது, சொல்வதெல்லாம் அது வழியாகத்தானே உள்ளே போகிறது என்று பக்கிரிசாமி தீர்ப்புச் சொன்னார். அதில் வாய் வைத்து "மங்களம்" என்று கூப்பிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீர் ஊட்ட வாயைத் தேடினார்கள். கிடைக்காததால் அதை அமிர்தகடேசனே குடித்தார்.

ஹாட் ஸ்பேர் என்பதற்குச் சூடாக வைத்திருக்கும் உபரி என்று பக்கிரிசாமி பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். ஐந்தாவது டிஸ்க் ஹாட்பேக்குக்குள் போனது. சூடு ஆறாமலிருக்கக் காலையில் ஆறு இட்லியும் மாலையில் ஆறு இட்லியும் சுற்றி அடுக்கினார்கள். காப்பியும் தவறவில்லை. தினமும் சாயங்காலம் எதிர்க்கடையில் வாங்கி, டபராவோடு அலமாரியில் தனியாக வைத்துவிடுவார் கலியமூர்த்தி. டிக்காஷன் தூக்கலாக.

இந்தச் சமயத்தில்தான் ரோடு கான்ட்ராக்டர் தட்சிணாமூர்த்தியின் மகள் வளர்மதிக்குக் கல்யாணம் நடந்தது. தட்சிணாமூர்த்தி கோபம் வந்தால் முதலில் இடித்துவிட்டு அப்புறம் காரணம் கேட்பவர். இடிக்கிற இயந்திரமும் சொந்தமாக வைத்திருந்தார். ஆகவே படத்தை மிகுந்த பயபக்தியோடு எடுத்து மங்களத்துக்குள் போட்டார்கள். இவ்வளவு பெரிய பெட்டி இருக்கும்போது எதற்கு என்று கேமரா கார்டுகளை அன்றைக்கே துடைத்துவிட்டார்கள்.

மறுவாரம் பெட்டியில் ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. தேன்மொழிக்குப் போன் போட்டார்கள். ஸ்பேர் வெளியே இருக்கிறது என்றதும், பயப்பட வேண்டாம், கெட்டதைக் கழற்றிவிட்டு அதைப் போடுங்கள் என்றார் அவர். "ஆனா ஒண்ணு சார், ஒரே நேரத்துல ரெண்டு டிஸ்க்கைக் கழட்டிடாதீங்க" என்றும் எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கையை மூவரும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்ததைக் கழற்றினார்கள். இத்தனை நாள் அதன் பக்கத்திலேயே இருந்தது மட்டும் எப்படி நல்லதாக இருக்கும் என்று அமிர்தகடேசனுக்குச் சந்தேகம் வந்தது. டீ குடித்துவிட்டு வந்து அதைக் கழற்றினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாவது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து நான்காவது. ஒரே நேரத்தில் இரண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும் துடைத்துத் திரும்பச் செருகினார்கள். சாம்பார் வாசனையோடு ஹாட் ஸ்பேரும் உள்ளே போனது. திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன கேக்குது?" என்றார் அமிர்தகடேசன்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டுமா, சரியான்னு கேக்குதுங்க."

"நம்மகிட்ட உத்தரவு கேட்டா செய்யுது?"

"ஆமாங்க. தயவுசெஞ்சுன்னுகூடப் போட்டிருக்கு."

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது பூந்தாழங்குடி வழக்கமில்லை. "சரின்னு சொல்லு" என்றார் அமிர்தகடேசன்.

பெட்டியும் சொன்னபடி செய்தது.

மங்களத்தை எங்கே தேடியும் காணவில்லை. வளர்மதி கல்யாணமும் இல்லை. இடிக்கிற இயந்திரத்தை நினைத்துக்கொண்டு அமிர்தகடேசன் தேன்மொழிக்குப் போன் போட்டார். நடந்ததையெல்லாம் அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"காப்பியாவது தனியா இருக்கா சார்?"

"இருக்கும்மா. ஆறிப்போச்சு."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது சார். முதல்லேருந்து மறுபடியும் கட்டத்தான் வேணும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவர் சொன்னது டிஸ்க் குழுவை. இவர்களுக்குக் கட்டுவது என்றால் ஒன்றுதான் தெரியும். நேராகத் தட்சிணாமூர்த்தி வீட்டுக்குப் போய், தஞ்சாவூர் இன்ஜினியர் பார்த்துச் சொல்லிவிட்டார், தாலியை முதலிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டுமாம் என்று தெரிவித்தார்கள். தட்சிணாமூர்த்தி இடித்திருக்க வேண்டியவர்தான். ஆனால் அவரும் பூந்தாழங்குடிக்காரர். "இன்ஜினியரே சொன்னா சரிதான். ரோடே நாலு தடவை போடறோம்" என்று முகூர்த்த நாள் குறித்தார். வளர்மதி, கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். அது பாட்டுக்கு இருக்கட்டும், மேலேயே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

பந்தல், மேளம், சொந்தம் எல்லாம் மறுபடி வந்தன. கலியமூர்த்தி இந்த முறை ஒரு சிறு அசைவைக்கூட விடவில்லை. ஜானவாசம் முதல் கன்னிகாதானம் வரை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி விழுந்தது. முகூர்த்த நேரம் வந்தது. மேடைக்குக் கீழே நின்று கேமராவைத் தூக்கிப் பிடித்தார். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, "ம், கட்டு" என்றார்.

கலியமூர்த்தி கேமராவை நிறுத்தினார்.

படம் போட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். அடுத்த காட்சியில் பாயசம் பரிமாறினார்கள். தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று, நடுவில் இருந்தது எங்கே என்று கேட்டார்.

"சினிமா டைரக்டர் மாதிரி ஐயரே கட்டுன்னுட்டாருங்க. அதுக்கப்புறம் எப்படி ஓட்டுறது?" என்றார் கலியமூர்த்தி.

தட்சிணாமூர்த்தி திரும்ப உட்கார்ந்தார். ஐயர் செய்த தப்புக்குக் கேமராக்காரரை இடிப்பது நியாயமில்லை என்று அவருக்கே பட்டது. அடுத்த முகூர்த்தத்திலாவது தாலியைக் கொடுக்கும்போது "ஆக்‌ஷன்" என்று சொல்லும்படி ஐயருக்கு ஆள் அனுப்பினார். ஐயர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்து, மந்திரத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று பதில் சொல்லியனுப்பினார்.