தோற்ற தீர்மானம்

கொன்றையூர் ஊராட்சித் தலைவர் மாசிலாமணி, கல்லூரியில் தனக்கு வரலாறு நடத்திய பேராசிரியர் எஸ்தரைப் பார்க்கப் போனார். தலைவரான பிறகும் மனதில் ஏதாவது குடைந்தால் அவர் போகும் இடம் அதுதான்.

“அம்மா, அந்தக் காலத்து ஏதென்ஸ்ல குடிமக்கள் குன்று மேல கூடி அவங்களே சட்டம் போட்டாங்கன்னு சொல்லிக்கொடுத்தீங்க. நாம ஓட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுறோம். எது உயர்ந்தது?”

“உங்க ஊர்ல கிராம சபை எப்போ?”

“நாளைக்கு.”

“வர்றேன்.”

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் எஸ்தர் பெண்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். மாசிலாமணி தீர்மானத்தை வாசித்தார். வாரச்சந்தையைக் குளத்தங்கரையிலிருந்து நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்ற வேண்டும். அலையாய் அலைந்து அவரே பிடித்த இடம்.

கருவாடு விற்கும் ரமீஜா எழுந்தார். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்.

“தலைவரே, லாரி பறக்குற ரோட்டைத் தலைச்சுமையோட எப்படித் தாண்டுறது? நீங்க ஒரு தடவை தாண்டிக் காட்டுங்க.”

கூட்டம் சிரித்தது. மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது. கை தூக்கச் சொன்னார். எதிர்த்து உயர்ந்த கைகள்தான் அதிகம்.

ஊராட்சிச் செயலர் காதோரம் குனிந்தார். “பாதி ஊர்தான் வந்திருக்கு. நிறைவேறினதா எழுதிடலாம். யார் கேக்கப் போறாங்க?”

மாசிலாமணி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரமீஜாவின் கை இன்னும் இறங்கவில்லை. மைக்கைக் கையில் வாங்கினார்.

“என் தீர்மானம் தோத்துப்போச்சு. சந்தை இருக்கிற இடத்துலயே இருக்கும்.”

செயலரைப் பார்த்து, “அப்படியே எழுதுங்க” என்றார். தோற்ற மனிதனுக்கு நெஞ்சு ஏன் இப்படி நிமிர்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் எஸ்தரிடம் வந்தார்.

“அம்மா, அந்தக் குன்றுல ரமீஜா பேசியிருக்க முடியுமா?”

“முடியாது. பெண்ணுக்கு இடமில்லை. வெளியூர்க்காரருக்கு இல்லை. அடிமைக்கும் இல்லை.”

“அப்போ நம்மளோடதுதான் உயர்ந்தது.”

“அவங்க குன்று ஏறி வந்தாங்க. உன் ஊர்ல பாதிப் பேர் தெருவைத் தாண்டி வரலை.”

“பின்னே எதைத்தான்மா உயர்ந்ததுன்னு சொல்றது?”

எஸ்தர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

“இன்னைக்கு உன்னைத் தோக்கடிச்சுதே, அதை.”