பெத்தணன் மெஸ்ஸில் ஓர் ஆலமரம்

"மரம் சாகுது, டீச்சரம்மா."

பெத்தணன் நட்சத்திரத்தின் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னான். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே மஞ்சள் இலைகள். இன்றைக்குக் காலையில் மட்டும் உதிர்ந்தவை என்றான்.

அவள் இலைகளைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பிடித்து முகர்ந்தாள். நகத்துக்குள் தொட்டி மண் இருந்தது. புளித்த வாடை.

"இன்னும் நேரம் இருக்கு," என்றாள்.

அவ்வளவுதான். அவளிடம் இதுதான் தொல்லை. எதைக் கேட்டாலும் அரை வரியில் பதில் வரும். மீதியை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

ஊரே அவளை டீச்சரம்மா என்றது. பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் எடுத்ததில்லை. தொட்டியில் மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுப்பாள், அதனால் அந்தப் பேர். பெத்தணனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆளும் ஒல்லி. காற்று பலமாக அடித்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

ஆனால் அவள் மரங்களைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும். சாப்பாட்டுத் தட்டு அகலத் தொட்டியில் ஒரு நாவல் மரம். முழங்கால் உயரத்தில் ஒரு புளியமரம், முதுகை வளைத்துக்கொண்டு. அவை சின்ன மரங்கள் என்றே தோன்றாது. பெரிய மரங்கள் எங்கேயோ தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் மெஸ்ஸுக்குக் கேரட் வாங்கப் போன பெத்தணன் அவள் வீட்டு ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துவிட்டான். கேரட்டை மறந்துவிட்டு வெறும் சாக்கோடு வீடு திரும்பினான். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். அவளிடம் சிஷ்யனாகச் சேரணும். ஐம்பது வயதில் உனக்கு எதுக்கு இந்த வேலை என்று அவன் மனைவி ராக்கம்மா கேட்டுப் பார்த்தாள். அவன் விடவில்லை.

மார்கழி பிறந்தது. மலை முழுக்க விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடந்தது, உறைபனி. அந்த வாரம் நட்சத்திரம் ஒரு ஆலமரத்தைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அவன் மெஸ்ஸுக்கு வந்தாள்.

அவளுடைய குரு வளர்த்து அவள் கையில் விட்டுப்போன மரம். விழுதுகள் நூல் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டிருந்தன. இது கீழ்நாட்டு மரம், இந்தக் குளிர் ஆகாது, உள்ளே வைக்கணும் என்றாள். இங்கே கிழக்கு ஜன்னலில் வெயில் நன்றாக விழுகிறது என்றாள். ஜன்னலில் வைத்தாள்.

"பனி முடியறவரைக்கும் இதை உயிரோட வச்சிருங்கண்ணே. அப்புறம் நீங்க என் சிஷ்யன்."

செத்துப்போனால் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை.

இப்போது அந்த மரம்தான் இலை உதிர்க்கிறது.

"அதுக்கு என்ன குடுக்கறீங்க?" என்று நட்சத்திரம் கேட்டாள்.

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி பெத்தணன் அடுக்கினான். காலையில் எழுந்ததும் தண்ணீர். உலை வைக்கும்போது அரிசி கழுவிய தண்ணீர். மதியம் பந்தி முடிந்ததும் ராக்கம்மா கையால் ஒரு சொம்பு. இலை கொட்ட ஆரம்பித்த பிறகு, சத்துப் போதவில்லையோ என்று மீன் கழுவிய தண்ணீரும். பாவம், அத்தனூண்டு தொட்டியில் நிற்கிறது. குளிர் வேறு.

"அது கேட்டுச்சா?"

பெத்தணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம மெஸ்ஸுல யாரும் கேக்கவே வேண்டாம் டீச்சரம்மா. கேக்கறதுக்கு முன்னாடி இலையில விழுந்திருக்கும்."



"அப்ப நாளைக்குச் சாப்பிட வர்றேன்," என்றாள்.

மரம் சாகக் கிடக்கிறது, இவள் சாப்பாட்டைப் பேசுகிறாள். பெத்தணனுக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகணும். இத்தனை நாளில் அவன் சோற்றை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

மறுநாள் மதியம் பெத்தணன் சோற்று வாளியைத் தூக்கினான்.

பெத்தணன் மெஸ்ஸில் சாப்பிடுவது சுலபம், எழுந்திரிப்பதுதான் கஷ்டம் என்று லாரி ஓட்டும் இன்னாசி எல்லோரிடமும் சொல்வான். பொய் இல்லை. போதும் என்று வாயால் சொன்னால் பெத்தணன் காதில் ஏறாது. கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். உள்ளங்கையை விரித்து இலைக்கு மேலே நீட்டணும். அந்தக் கை ஒன்றுக்குத்தான் அவன் நிற்பான். கேரட் மூட்டை தூக்குகிறவர்கள் சிலர் அவனைத் தடுக்க இலைமேல் கவிழ்ந்தே படுத்துவிடுவார்கள்.

நட்சத்திரம் ஜன்னலோரம், ஆலமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மருந்து ஏதாவது அடிக்கணுமா என்று பெத்தணன் குனிந்து கேட்டான். அவள் தன் சாப்பாட்டு இலையைக் காட்டினாள்.

"முதல்ல சோறு."

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. சாப்பிட்டாள். நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல். மறுபடி போட்டான். சாப்பிட்டாள். ரசத்துக்குப் போட்டான். அதையும் சாப்பிட்டாள்.

எதிர் வரிசையில் இன்னாசி தன் சோற்றை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தான். இந்த உடம்பில் இவ்வளவும் எந்த மூலைக்குப் போகுது என்று பக்கத்து ஆளைக் கேட்டான். நம்மாலேயே முடியாதுப்பா, பெரிய ஆளுதான் என்று அந்த ஆள் ஒத்துக்கொண்டான்.

பெத்தணனுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரம்மா சாப்பிடுற அழகை வந்து பாரு என்று ராக்கம்மாவைக் கூப்பிட்டான். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அது சாப்பிடல. முழுங்குது," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மோருக்குச் சோறு போட்டான். முடித்தாள். மறுபடி போட்டான்.

கை வரவில்லை.

வாளி காலியாகி அடுத்த வாளி வந்தது. மலையே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் வேர்வை இறங்கியது.

"விடுய்யா, போதும்," என்றான் இன்னாசி. இப்போது அவன் சிரிக்கவில்லை.

"கை காட்டலையே," என்றான் பெத்தணன். கை காட்டாத ஒருவருக்குப் போடாமல் அவன் திரும்பியதே இல்லை. அந்த மெஸ்ஸுக்குப் பேர் வந்ததே அதனால்தான். போட்டான்.

அந்தக் கவளம் உள்ளே போகவில்லை. வாயிலேயே நின்றது. அவள் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அதை இறக்கினாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பிறகு குனிந்து அடுத்த கவளத்தை உருட்டினாள்.

பெத்தணன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அதுவரை இலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாளியைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"கையைக் காட்டுங்க டீச்சரம்மா. ஒரே ஒரு தடவை காட்டுங்க, நான் நிறுத்திடுறேன். ஏன் இப்படிச் சும்மா இருக்கீங்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. உருட்டிய கவளத்தை இலையில் வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அது எந்தக் கையைக் காட்டும்ணே?"



பெத்தணன் ஆலமரத்தைப் பார்த்தான். தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. விழுதுகள் சேற்றுக்குள் நின்றன. அவ்வளவு நனைந்தும் மரம் விறைப்பாக, மரியாதையாக, வந்த விருந்தாளி மாதிரி நின்றது.

பந்தி முடிகிற நேரம். ராக்கம்மா உள்ளேயிருந்து சொம்போடு வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல நேரே ஜன்னலுக்குப் போய்ச் சொம்பைச் சாய்த்தாள்.

பெத்தணன் உள்ளங்கையை விரித்து, தொட்டிக்கு மேலே நீட்டினான்.